கூகுள் ஸ்டோரேஜ் ஃபுல்லா? காசு கட்டுறதுக்கு முன்னாடி இந்த வேலையை முடிச்சிடுங்க

ஜிமெயில் தொறந்தா மேல ஒரு பட்டை, போட்டோஸ் தொறந்தா அங்க ஒண்ணு, டிரைவ்ல இன்னொண்ணு, எல்லாத்துலயும் ஒரே பாட்டு, ஸ்டோரேஜ் தீரப்போகுது வாங்கிக்கோங்கன்னு, பக்கத்துலயே நீலக் கலர்ல ஒரு பட்டன். அந்தப் பட்டனை அமுக்கி காசு கட்ட அரை நிமிஷம் போதும், ஆனா இடத்தை எது அடைச்சிருக்குன்னு பாத்து அழிக்கணும்னா மெனு மெனுவா உள்ள போகணும், அதுவும் போட்டோஸுக்கு ஒரு வழி டிரைவுக்கு ஒரு வழி வாட்ஸ்அப்புக்கு வேற வழி. இது தானா இப்படி அமைஞ்சதுன்னு நான் நம்பல. 2023 நவம்பர்ல நம்ம மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாத்து டிசைனைப் பட்டியல் போட்டு வெளியிட்டாங்க, அதுல திரும்பத் திரும்ப நச்சரிக்கிறதும் ஒண்ணு. இந்தப் பட்டை அதுல வருமா வராதாங்கிறதை வக்கீலுங்க பாத்துக்கட்டும், நாம கூகுள் ஃப்ரீயாக் குடுக்கிற நம்ம 15 ஜிபியைப் பாப்போம்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை, ஏன்னா இது தெரிஞ்சாத்தான் எதை அழிச்சா இடம் கிடைக்கும் எதை அழிச்சா கிடைக்காதுன்னு புரியும். 2004 ஏப்ரல் 1 அன்னிக்கு ஜிமெயில் வந்தப்ப 1 ஜிபி குடுத்தாங்க, அப்போ ஹாட்மெயில்ல 2 எம்பிதான், அதனால முட்டாள்கள் தின ஜோக்குனு நினைச்சவங்க நிறைய. மெயிலை அழிக்கவே வேண்டாம், தேடினா கிடைக்கும், அதுதான் அவங்க சொன்ன சேதியே. 2013ல ஜிமெயில், டிரைவ், போட்டோ எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து 15 ஜிபின்னு ஆக்கினாங்க. அந்த 15 இன்னிக்கும் அதே 15தான், நடுவுல போன் கேமரா 5 மெகாபிக்சல்ல இருந்து எங்கயோ போயிடுச்சு, வீடியோ 4கே ஆயிடுச்சு. 2015ல கூகுள் போட்டோஸ் வந்தப்ப கொஞ்சம் சுருக்கி வச்சுக்கிறோம், எவ்வளவு வேணா ஏத்திக்கோங்க, ஃப்ரீன்னாங்க. ஊரே ஏத்துச்சு. 2020 நவம்பர்ல அவங்களே சொன்ன கணக்குப்படி 4 லட்சம் கோடி போட்டோவுக்கு மேல உள்ள இருக்கு, வாரா வாரம் 2,800 கோடி புதுசா வருது. அதைச் சொன்ன அதே அறிவிப்புலதான் 2021 ஜூன் 1ல இருந்து ஏத்துற எல்லாம் 15 ஜிபி கணக்குல சேரும்னும் சொன்னாங்க. அட்வான்ஸ் வேண்டாம் வாடகை வேண்டாம்னு வீட்டைக் குடுத்துட்டு, சாமான் எல்லாம் இறக்கி கட்டிலைப் பூட்டி முடிச்ச பிறகு வாடகை பேச வந்த மாதிரி.

அப்போ இன்னொரு ஆறுதலும் சொன்னாங்க, 80 சதவீதத்துக்கு மேலான ஆளுங்களுக்கு இந்த 15 ஜிபி இன்னும் சுமார் மூணு வருஷத்துக்கு வரும்னு. 2021ஓட மூணைக் கூட்டினா 2024. கரெக்டா அந்த 2024லதான் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இந்த 15 ஜிபிக்குள்ள வந்து உக்காந்துச்சு, அதுவரைக்கும் அது கணக்குலயே வராது. அதனாலதான் நான் புதுசா எதுவுமே பண்ணலையே திடீர்னு ஃபுல்னு காட்டுதேன்னு அந்த நேரத்துல நிறைய பேர் முழிச்சாங்க.

ஃபுல் ஆனா என்ன ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லிடுறேன், பயத்துல அவசரப்பட்டு காசு கட்டுறவங்கதான் அதிகம். ஏற்கனவே இருக்கிறது எதுவும் அன்னிக்கே அழியாது. புதுசா போட்டோ ஏறாது, டிரைவ்ல ஃபைல் ஏறாது, முக்கியமா மெயில் போகாது வராது, அனுப்பினவங்களுக்குத் திரும்பிப் போயிடும். இன்டர்வியூ மெயிலோ பேங்க் ஓடிபியோ எதிர்பாத்துட்டு இருந்தா அது பெரிய ஆபத்து, இல்லைன்னா ஒரு ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாராளமா பொறுக்கலாம். ரெண்டு வருஷம் தொடர்ந்து லிமிட்டைத் தாண்டியே விட்டு வச்சா அப்போ அழிக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, அவ்வளவுதான். அதனால உக்காந்து நிதானமாப் பண்ணுங்க, முடிஞ்சா லேப்டாப்ல. போன் ஆப்ல சில ஆப்ஷனே கிடையாது.

எது எவ்வளவு தின்னுதுன்னு பாருங்க

பிரௌசர்ல கூகுள் ஒன் ஸ்டோரேஜ்னு (கூகுள் காசுக்கு ஸ்டோரேஜ் விக்கிற சேவையோட பேர்தான் கூகுள் ஒன்) தேடி உள்ள போனா ஜிமெயில் இவ்வளவு, டிரைவ் இவ்வளவு, போட்டோஸ் இவ்வளவு, பேக்கப் இவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டும். போன்ல ஜிமெயில் ஆப்ல உங்க படத்தைத் தொட்டாலும் அங்க போகலாம். இதைப் பாக்காம நேரா மெயில் அழிக்க ஆரம்பிக்காதீங்க. ஆயிரக்கணக்குல ஆஃபர் மெயிலை அழிச்சுட்டு கை வலிக்க உக்காந்திருப்பீங்க, கடைசில நூறு எம்பி கூட கிடைச்சிருக்காது, அந்தப் பக்கம் போட்டோஸ்ல ஒரே ஒரு கோயில் திருவிழா வீடியோ 2 ஜிபி புடிச்சுட்டு இருக்கும். நான் பாத்த வரைக்கும் வீட்டுப் பெரியவங்க போன்ல வாட்ஸ்அப்பும் போட்டோஸும்தான், வேலைக்குப் போறவங்களுக்கு போட்டோஸும் டிரைவும், ஜிமெயில் முதல் இடத்துல வர்றது ரொம்ப கம்மி.

அழிக்கிறதுக்கு முன்னாடி காப்பி

இந்தப் படியைத் தாண்டிப் போகணும்னு தோணும், தாண்டாதீங்க. போட்டோவுக்கு ஒரு காப்பி உங்க கையில இருந்தாத்தான் அழிக்கிற விஷயத்துல தைரியம் வரும், காசு கட்டலாமா வேண்டாமாங்கிற முடிவும் அப்பதான் உங்க கையில இருக்கும். காப்பி இல்லாத ஆள் எந்த விலை சொன்னாலும் கட்டித்தானே ஆகணும்.

எடுத்த போட்டோ எல்லாம் போன்லயே இருந்தா ரொம்ப சுலபம், யூஎஸ்பி கேபிள்ல லேப்டாப்ல மாட்டி டிசிஐஎம்ங்கிற ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போடுங்க. ஆனா போட்டோஸ் ஆப்ல ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அதை எப்பவாவது அமுக்கியிருந்தீங்கன்னா போன்ல இருந்த ஒரிஜினல் போயிருக்கும், கூகுள்ல மட்டும்தான் இருக்கும். கேலரில படம் தெரியுதேன்னு நம்பாதீங்க, நெட்டை ஆஃப் பண்ணிட்டு பழைய படம் ஒண்ணைப் பெருசாக்கிப் பாருங்க, மங்கலாவே நின்னா அது போன்ல இல்ல.

அந்த மாதிரி கேஸுக்கு கூகுள் டேக்அவுட். 2011ல இருந்து இருக்கு, இதுக்காக அவங்களைப் பாராட்டியே ஆகணும், நம்ம டேட்டாவை மொத்தமா வெளிய எடுக்க இவ்வளவு உருப்படியான வழி மத்த கம்பெனிங்க பல பேர்கிட்ட கிடையாது. உள்ள போனதும் எல்லாமே டிக் ஆகி இருக்கும், முதல்ல டீசெலக்ட் ஆல் குடுத்துட்டு கூகுள் போட்டோஸ் மட்டும் டிக் பண்ணுங்க. அதுக்குள்ளயும் வருஷம் வருஷமா ஃபோல்டர் இருக்கும், பெரிய லைப்ரரின்னா ரெண்டு மூணு வருஷமாப் பிரிச்சு எடுங்க. ஜிப் சைஸ் கேக்கும், 50 ஜிபி ஒரே துண்டா வேணும்னு ஆசைப்படாதீங்க, நடுவுல கரண்ட் போனா முதல்ல இருந்து இறக்கணும், 4 ஜிபி துண்டு போதும். அனுப்பிட்டு மூடிடலாம், ரெடியானதும் மெயில் வரும், அதுக்கு சில மணி நேரமும் ஆகலாம் ஒண்ணு ரெண்டு நாளும் ஆகலாம். லிங்க் ஒரு வாரம்தான் உயிரோட இருக்கும், அதனால ஊருக்குப் போற வாரத்துல ஆர்டர் போடாதீங்க.

ஜிப்பைப் பிரிச்சா ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துல ஒரு ஜேசன் ஃபைல் கிடக்கும், குப்பைன்னு நினைச்சு அழிச்சிடாதீங்க. நீங்க ஆப்ல மாத்தின தேதி, இடம், எழுதி வச்ச குறிப்பெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். கேமராவுல எடுத்த படத்துக்குள்ளயே எடுத்த தேதி பதிஞ்சிருக்கும், அது பிரச்சனை இல்ல, ஆனா தாத்தா காலத்துப் படத்தை ஸ்கேன் பண்ணி ஏத்தி 1974னு தேதி போட்டு வச்சிருந்தீங்கன்னா அந்த 1974 ஜேசன்லதான் இருக்கும். எக்ஸிஃப்டூல் மாதிரி ஒரு சாஃப்ட்வேர வச்சு பின்னாடி ஒட்டிக்கலாம், இல்ல அப்படியே சேத்து வைங்க. படத்துக்குள்ளயே அதை எழுதிக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்னு எனக்கு இன்னும் கடுப்புதான்.

எங்க வைக்கிறதுன்னா 1 டிபி ஹார்ட் டிஸ்க், தெரிஞ்ச பிராண்டு, தெரிஞ்ச கடை. ஆன்லைன்ல 2 டிபி பென்டிரைவ் ஐநூறு ரூபாய்க்கு வரும், சத்தியமா அது 2 டிபி கிடையாது, உள்ள 32 ஜிபியோ 64ஓ இருக்கும், ஃபுல்லா காப்பி ஆன மாதிரி காட்டிட்டு பின்னாடி தொறந்தா படம் தொறக்காது.

வாட்ஸ்அப்

இங்கதான் லாபம் அதிகம், அதனால முதல்ல இது. எங்க பெரியம்மா போன்ல செட்டிங்ஸ் போய், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதுக்குள்ள மேனேஜ் ஸ்டோரேஜ் தொறந்து காட்டினேன். மேல 5 எம்பிக்கு மேல உள்ளதுன்னு ஒரு பெட்டி, பல தடவை ஃபார்வேர்டு ஆனதுன்னு ஒரு பெட்டி. ரெண்டாவதைத் தொறந்தா செவ்வாய்க்கிழமைக்கு முருகன், வியாழனுக்கு சாய்பாபா, வெள்ளிக்கு மகாலட்சுமி, சனிக்கு ஆஞ்சநேயர், நடுவுல சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய் தண்ணி வீடியோ, அதே வீடியோ வேற ஒருத்தர் குரல்ல மறுபடியும். சாமி படத்தை அழிக்கலாமான்னு யோசிச்சாங்க, அடுத்த செவ்வாய்க்கிழமை புதுசா வரும் பெரியம்மான்னு சொன்னதும் சரின்னுட்டாங்க. இது நம்ம ஊர் ஸ்பெஷல்தான், இந்தியாவுல போன் நிறையறதுக்குக் காரணம் காலை வணக்கப் படம்னு கூகுளே ஒரு காலத்துல கண்டுபிடிச்சாங்க, போனைச் சுத்தம் பண்ற அவங்களோட ஃபைல்ஸ் ஆப் அந்தச் சமயத்துல வந்ததுதான்.

அந்தப் பெட்டில எல்லாத்தையும் செலக்ட் பண்ணி வேணுங்கிறதை மட்டும் விட்டுட்டு அழிங்க. அப்புறம் கீழ சாட் வாரியா பெருசுல இருந்து சிறுசா வரிசை இருக்கும், முதல் அஞ்சாறு குரூப்பைப் பாத்தா போதும், மத்ததெல்லாம் சில்லறை. குடும்ப குரூப்ல கல்யாணம், காதுகுத்து படமெல்லாம் கலந்து கிடக்கும், அதை முதல்ல தனியா சேவ் பண்ணிக்கோங்க.

அழிச்சதும் கூகுள்ல புடிச்சிருக்கிற இடம் குறையலையேன்னு பாப்பீங்க. குறையாது, அடுத்த பேக்கப் ஓடணும். சாட்ஸ், சாட் பேக்கப் போய் இன்க்ளூட் வீடியோஸ் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, பேக்கப் தினமும்னு இருந்தா வாரம் ஒரு தடவைன்னு மாத்துங்க, அப்புறம் பேக்கப் நவ் அமுக்குங்க. பேக்கப் எந்த கூகுள் அக்கவுண்டுக்குப் போகணும்னும் அங்கயே மாத்தலாம், வீட்டுல யாரோட அக்கவுண்டாவது சும்மா காலியா இருந்தா இதுக்கு ஒதுக்கலாம், ஆனா புது போன் மாத்துறப்ப அதே அக்கவுண்டு அந்த போன்லயும் இருந்தாத்தான் சாட் திரும்ப வரும், பாஸ்வேர்டு மறந்தா போச்சு. பழைய நம்பர், பழைய போன் பேக்கப் ஏதாவது கிடக்கும், லேப்டாப்ல டிரைவ் தொறந்து ஸ்டோரேஜ்னு போனா வலது பக்கம் மேல பேக்கப்ஸ்னு சின்னதா எழுதியிருக்கும், அங்க இருக்கு. வேணும்னே சின்ன எழுத்துல வச்சிருக்காங்களான்னு கேக்காதீங்க.

இன்னும் ஒரு விஷயம், சாட்டே பெருசா வேண்டாம்னா பேக்கப்பே இல்லாம கூட ஓட்டலாம். போன் மாத்துறப்ப ரெண்டு போனையும் பக்கத்துல வச்சு க்யூஆர் ஸ்கேன் பண்ணி சாட்டை நேரா மாத்துற வசதி 2023லயே வந்துடுச்சு. போன் தொலைஞ்சா மட்டும் சாட்டும் போயிடும், அதை யோசிச்சு முடிவு பண்ணுங்க.

போட்டோஸ்

ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய இடம் இதுதான், டெலீட்ங்கிற ஒரே சொல்லுக்கு இங்க மூணு அர்த்தம் வச்சிருக்காங்க. ஆப்ல ஒரு படத்தைத் தொட்டு குப்பைத்தொட்டி சின்னத்தை அமுக்கினா போன்லயும் போகும், கூகுள்லயும் போகும், டேப்லெட்ல தெரிஞ்சாலும் அங்கயும் போகும். டெலீட் ஃப்ரம் டிவைஸ்னு தனியா இருக்கிறதை அமுக்கினா போன்ல மட்டும் போகும், கூகுள்ல இருக்கும், அதாவது 15 ஜிபில ஒரு எம்பி கூட மிச்சம் ஆகாது. ஃப்ரீ அப் ஸ்பேஸும் அதே ஜாதிதான், போன்ல இடம் கிடைக்கும் கூகுள்ல கிடைக்காது. ஸ்டோரேஜ் ஃபுல்னு மெசேஜ் வந்ததும் பதறி ஃப்ரீ அப் ஸ்பேஸை அமுக்குறவங்க எக்கச்சக்கம், பிரச்சனை தீராது, கூடவே போன்ல இருந்த காப்பியும் போயிடும், அப்புறம் கூகுள்ல இருக்கிறதுதான் ஒரே காப்பி. இந்த மூணையும் ஒரே மாதிரி சின்னம், ஒரே மாதிரி வார்த்தைல வச்ச டிசைனர் வீட்டுல யாராவது வயசானவங்க போன் யூஸ் பண்றாங்களான்னு தெரியல.

கூகுள்ல மட்டும் அழிஞ்சு போன்ல இருக்கணும்னா, முன்னாடி அதுக்கு நேர் வழியே கிடையாது. இப்போ பேக்கப் செட்டிங்ஸ்ல அன்டூ பேக்கப் ஃபார் திஸ் டிவைஸ்னு ஒண்ணு வந்திருக்கு, இந்த போன்ல இருந்து போனதை கூகுள்ல அழிச்சுட்டு போன்ல உள்ளதை விட்டுடும். ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்தாச்சுன்னா மட்டும் தொடுங்க.

அடுத்து தேதி. 2021 ஜூன் 1க்கு முன்னாடி ஹை குவாலிட்டில, அதாவது கூகுள் கொஞ்சம் சுருக்கி வச்சுக்கிற முறைல, ஏத்தின படமெல்லாம் இன்னிக்கும் கணக்குல வராது. காலேஜ் டூர், முதல் குழந்தை பொறந்தது, அதையெல்லாம் மனசைக் கல்லாக்கிட்டு அழிச்சா கிடைக்கிறது பூஜ்யம். திரும்ப ஏத்தினா மட்டும் கணக்குல வரும், அதனால அந்தப் பக்கமே போகாதீங்க, அது நமக்கு ஃப்ரீயாக் கிடைச்ச இடம். அப்போ ஒரிஜினல் குவாலிட்டின்னு வச்சிருந்தா மட்டும் கதை வேற.

அழிக்க வேண்டியது எங்க இருக்குன்னா, ஆப்ல உங்க படத்தைத் தொட்டு ஸ்டோரேஜ் மேனேஜ் பண்ற பக்கத்துக்குப் போனா பெரிய வீடியோ, ஸ்கிரீன்ஷாட், மங்கலான படம், மத்த ஆப்ல இருந்து வந்ததுன்னு தனித்தனியா அடுக்கி வச்சிருக்கும், ஆப் வெர்ஷனைப் பொறுத்து பேர் கொஞ்சம் மாறும். பெரிய வீடியோல இருந்து ஆரம்பிங்க. 4கே வீடியோ ஒரு நிமிஷத்துக்கு சுமாரா 300, 400 எம்பி புடிக்கும், அப்போ 15 ஜிபிங்கிறது மொத்தமே முக்கால் மணி நேர வீடியோதான். பாக்கெட்ல போன் தானா ரெக்கார்டு பண்ண பத்து நிமிஷ இருட்டு வீடியோ ஒண்ணாவது உங்ககிட்டயும் இருக்கும், பாருங்க. கேமரா செட்டிங்ஸ்ல போய் வீடியோவை 1080பின்னு மாத்தி வச்சுட்டீங்கன்னா பாதிப் பிரச்சனை இனிமே வராது, பையன் ஆண்டு விழால ஆடுறதை 4கேல எடுத்து எந்த டிவில போட்டுப் பாக்கப்போறோம்.

அப்புறம் பேக்கப் செட்டிங்ஸ்ல பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்னு இருக்கும், அங்க வாட்ஸ்அப் இமேஜஸ், வாட்ஸ்அப் வீடியோ, ஸ்கிரீன்ஷாட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. இது ஆன்ல இருந்தா ஒரே முருகன் படம் வாட்ஸ்அப் பேக்கப்ல ஒரு தடவை, போட்டோஸ்ல ஒரு தடவைன்னு ரெண்டு இடத்துல உங்க இடத்தைத் தின்னும். ஆஃப் பண்ணா ஏற்கனவே ஏறினது போகாது, அதைத் தேடித்தான் அழிக்கணும்.

ஒரு பெரிய அஸ்திரம் மிச்சம் இருக்கு. லேப்டாப்ல போட்டோஸ் செட்டிங்ஸ்ல மேனேஜ் ஸ்டோரேஜ் பக்கத்துல ரெகவர் ஸ்டோரேஜ்னு இருக்கும், ஒரிஜினல் குவாலிட்டில இருக்கிற எல்லாத்தையும் சுருக்கிடும், படம் 16 மெகாபிக்சலுக்கு மேல போகாது, வீடியோ 1080பிக்கு மேல போகாது. ஒரு படம் கூட அழியாம ஜிபி கணக்குல இடம் கிடைக்கும், ஆனா பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. ஹார்ட் டிஸ்க்ல ஒரிஜினல் இருக்கிறவங்க யோசிக்காமப் பண்ணலாம். போன்லயும் ஸ்டோரேஜ் சேவர்னு மாத்தி வச்சுக்கோங்க, அது பழைய ஹை குவாலிட்டியேதான், பேரை மட்டும் மாத்திட்டாங்க.

ஜிமெயில், டிரைவ்

ஜிமெயில்ல லேப்டாப்லதான் வேலை. தேடுற இடத்துல larger:10M அப்படின்னு அடிங்க, நடுவுல ஸ்பேஸ் இல்லாம. 10 எம்பிக்கு மேல இருக்கிற மெயில் மட்டும் வரும். கூட older_than:3y அப்படின்னு சேத்தா மூணு வருஷத்துக்கு முந்தினது மட்டும். பழைய ஆபீஸ் பிபிடி, வீடு கட்டினப்ப இன்ஜினியர் அனுப்பின பிளான், சொந்தக்காரங்க அனுப்பின ஜாதகம் ஸ்கேன், இப்படித்தான் கிடக்கும், வேணுங்கிறதை இறக்கி வச்சுட்டு அழிங்க. பத்திர ஸ்கேன், இன்சூரன்ஸ் பாலிசி, வரி கட்டின ரசீது இதெல்லாம் அழிக்கிற ஜோர்ல போயிடாமப் பாத்துக்கோங்க. புரமோஷன் மெயில் மொத்தமா அழிக்கணும்னா அந்த டேப்ல மேல உள்ள பெட்டியை டிக் பண்ணா 50 மெயில்தான் செலக்ட் ஆகும், பக்கத்துல எல்லாத்தையும் செலக்ட் பண்ணவான்னு ஒரு வரி வரும், அதைத் தொடணும். இடம் பெருசாக் கிடைக்காது, மனசுக்குத்தான் நிம்மதி.

டிரைவ்ல இடது பக்கம் ஸ்டோரேஜ்ங்கிறதைத் தொட்டா பெரிய ஃபைல் மேல வரும். கல்யாண ஸ்டூடியோக்காரர் அனுப்பின ஆல்பம் ஜிப்பை உங்க டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிருந்தா முதல் வரில அதுதான் நிக்கும். அடுத்தவங்க ஷேர் பண்ணது உங்க கணக்குல வராது, அதை நீக்கி பிரயோஜனம் இல்ல. செட்டிங்ஸ்ல மேனேஜ் ஆப்ஸ்னு போனா கேம்ஸும் பழைய ஆப்பும் மறைச்சு வச்ச டேட்டா கூட இருக்கும், யூஸ் பண்ணாததை நீக்கலாம்.

இவ்வளவும் பண்ணிட்டு நம்பர் அப்படியே நின்னா டிராஷைப் பாருங்க. டிராஷ்ல இருக்கிற வரைக்கும் இடம் உங்க கணக்குலதான். ஜிமெயில்லயும் டிரைவ்லயும் 30 நாள், போட்டோஸ்ல 60 நாள் கிடக்கும், மூணையும் தனித்தனியா எம்ப்டி பண்ணணும். அதுக்கப்புறமும் நம்பர் மாற ஒரு நாள் வரைக்கும் ஆகலாம்.

அதுக்கப்புறமும் பத்தலைன்னா

காசு கட்டுறது பாவம் இல்ல. இந்தியாவுல 100 ஜிபி மாசம் 130 ரூபாய், வருஷத்துக்கு மொத்தமாக் கட்டினா 1,300. குடும்பத்துல இன்னும் அஞ்சு பேரோட பங்கு போட்டுக்கலாம், ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் பாக்க முடியாது, இடம் மட்டும்தான் பொது, அதனால ஆளுக்கொண்ணு வாங்காதீங்க. ஐபோன்காரங்க சிரிக்க வேண்டாம், ஐகிளவுட்ல 2011ல குடுத்த அதே 5 ஜிபிதான் இன்னிக்கும் ஃப்ரீ, அதை விட கூகுள் தேவலை.

ஃப்ரீயா வர்றதுலதான் உஷாரா இருக்கணும். 2025 மே மாசம் ஏர்டெல் போஸ்ட்பெய்டுக்கும் வைஃபைக்கும் 100 ஜிபி ஆறு மாசம் ஃப்ரீன்னு குடுத்தாங்க, ஆறு மாசம் முடிஞ்சா மாசம் 125 ரூபாய். அதே வருஷம் அக்டோபர் கடைசில ஜியோ, கூகுள் ஏஐ புரோங்கிற ஏஐ பிளான் 18 மாசம் ஃப்ரீன்னு அறிவிச்சாங்க, மதிப்பு 35,100 ரூபாய்னு விளம்பரம், அதுக்குள்ள 2 டிபி ஸ்டோரேஜும் சேத்தி. இந்த மாதிரி ஆஃபர் கிடைச்சா வாங்கிக்கோங்க, வேண்டாம்னு சொல்லல, ஏஐயை நல்லா யூஸ் பண்ணிக்கோங்க. ஆனா 18 மாசம் ஒரிஜினல் குவாலிட்டில ஏத்தி 300 ஜிபி ஆன பிறகு ஆஃபர் முடியுற அன்னிக்கு நீங்க 15 ஜிபிக்கு 285 ஜிபி மேல நிப்பீங்க, மெயில் நிக்கும், பட்டை வரும், அந்த நேரத்துல என்ன விலை சொல்றாங்களோ அதுதான் விலை. 2015ல பண்ண அதே வேலை, இந்த தடவை டெலிகாம் கம்பெனி தோள்ல கையைப் போட்டுட்டு வர்றாங்க. ஆஃபர் எடுத்தா பேக்கப் செட்டிங்ஸை மட்டும் மாத்தாம ஸ்டோரேஜ் சேவர்லயே விட்டு வைங்க, முடியுற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி காலண்டர்ல அலாரம் போடுங்க.

ரெண்டாவது ஜிமெயில் அக்கவுண்டு தொறந்து இன்னொரு 15 ஜிபின்னு ஒரு ஐடியா எல்லாருக்கும் வரும். ஓடும், ஆனா ரெண்டு வருஷம் எட்டிப் பாக்காத அக்கவுண்டை மொத்தமா அழிக்கிற விதி 2023 டிசம்பர்ல இருந்து நடைமுறைல இருக்கு, உள்ள இருக்கிற படத்தோட சேத்து. மறந்துடுவோம்னு தெரிஞ்சா அந்த வழி வேண்டாம். கம்ப்யூட்டர்ல கை வச்சுப் பழகினவங்க பழைய லேப்டாப்ல இம்மிச்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் போட்டு வீட்டுலயே போட்டோஸ் மாதிரி ஓட்டலாம், ஆனா ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா கேக்க ஆள் கிடையாது, அதுக்கும் ஒரு காப்பி வேணும்.

ஏற்கனவே எப்பவோ பட்டனை அமுக்கி மாசா மாசம் காசு போயிட்டு இருக்கிறவங்க, பிளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தொட்டு பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ள போய்ப் பாருங்க, வேண்டாம்னா அங்கயே கேன்சல். முதல்ல மேல சொன்னதை எல்லாம் முடிச்சு 15க்குள்ள வந்துட்டு அப்புறம் கேன்சல் பண்ணுங்க, இல்லைன்னா பிளான் முடியுற அன்னிக்கு மெயில் நின்னுடும். அப்படியே உங்க யூபிஐ ஆப்லயும் ஆட்டோபேங்கிற இடத்தைத் தொறந்து பாருங்க, கூகுள் ஒன்னைத் தேடப் போன இடத்துல, எப்பவோ ஒரு மேட்ச் பாக்கறதுக்காக எடுத்த ஓடிடி சந்தா ஒண்ணு இன்னும் ஓடிட்டு இருக்கும்.